பைப்புக்குள் விழுந்த பந்து

"சீக்கிரம்மா! தாளாளர் படியேறிட்டார்!"

தண்ணீர்க் குடத்தோடு ஆசிரியை மாளவிகா இரண்டாம் வகுப்புக்குள் ஓடினாள். பின்னாலேயே தலைமையாசிரியர் கஸ்தூரிரங்கன்.

"கட்டை விரல்ல என்ன பிளாஸ்திரி?"

"தோசைக்கல்லு சார்."

"நேத்து ரிஹர்சல் பண்ண மாதிரியே போகட்டும். சூர்யா மட்டும் பதில் சொல்லணும். மத்த வாண்டுங்க வாயைத் திறக்கக் கூடாது."

குழந்தைகள் தாங்களே யோசித்து வழி கண்டுபிடிக்க அவள் ஆரம்பித்த வகுப்பு அது. அதற்கு ஒத்திகை! நேற்று சூர்யா பதிலை மனப்பாடமாக ஒப்பித்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. இன்று தாளாளருக்குப் பிடித்தால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் அந்த நேரத்தில் அபாகஸ்.

தாம்பரத்தில் சொந்த வயலைத் தூர்த்துப் பள்ளி கட்டிய தாளாளர் சாம்பசிவன் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பலகையில் ஆணியடித்து நிறுத்திய, அடி மூடிய பிளாஸ்டிக் பைப். மாளவிகா அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பந்தைப் போட்டாள். "பைப்பைச் சாய்க்காம பந்தை எப்படி..."

கேள்வி முடியவில்லை. சூர்யா எழுந்துவிட்டான். "தண்ணி ஊத்தினா மிதந்து மேல வரும் மிஸ்!"

ஊற்றினான். பந்து வரவில்லை. பைப்பின் அடியில், சுவர்ப்பக்கமிருந்து, தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"இன்னாம்மா, தரையெல்லாம் தண்ணியா கீது?" சாம்பசிவன் செருப்பை இழுத்துக்கொண்டார்.

சூர்யா விழித்தான். முப்பது முகங்களும் அவளைப் பார்த்தன. மாளவிகா வாய் திறக்கவில்லை. கஸ்தூரிரங்கன் கண்ணால் கெஞ்சினார். அப்போதும் திறக்கவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஓவியா இறங்கி வந்தாள். குனிந்தாள். "ஓட்டைடா லூசு!" விரலை அதில் செருகிக்கொண்டாள். "இப்ப ஊத்து!"

"விரல் சின்னதுடி, ஒழுகுது!"

"ரப்பர் வை!"

"களிமண்ணு! களிமண்ணு!"

பெஞ்சுகள் காலியாயின. சீருடைகள் நனைந்தன. பந்து எட்டிப் பார்த்தது.

சாம்பசிவன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அபாகஸும் வாணாம், ஒண்ணும் வாணாம். இதையே நடத்தும்மா."

அவர் போனதும் கஸ்தூரிரங்கன் வியர்வையைத் துடைத்தார். "படப்பைக் கடைக்காரன் ஓட்டை பைப்பைத் தலையில கட்டிட்டானே! நேத்து நல்லாத்தானே இருந்தது?"

"ஆமா சார்."

சந்தோஷம் வருகிறதா என்று மாளவிகா உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை. விரல் மட்டும் எரிந்தது.

அன்று அவள் தோசையே சுடவில்லை. விடிவதற்குள் பள்ளிச் சமையலறை அடுப்பில் பழுக்கக் காய்ந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர்.