மஞ்சள் கோட்டைத் தாண்டிய நாற்பது மூட்டைகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ரோட்டர்டாம் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில் இருந்தவர்கள்: சுங்க ஆய்வாளர் ஹெட்விக், கிடங்கின் முதலாளி யோரிட், பொறுப்பாளர் வீபே, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மார்லூஸ். கூடவே, இருக்கக் கூடாத இடத்தில் நாற்பது மூட்டை உலர்ந்த பூண்டு.

கிடங்கின் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. இந்தப் பக்கம் வரி கட்டாத சரக்கு, அந்தப் பக்கம் கட்டியது. சுங்கம் விடுவிக்காமல் ஒரு மூட்டை கோட்டைத் தாண்டினாலும் கடத்தலுக்குச் சமம். பத்தொன்பது வருடமாக அந்தக் கோட்டைக் காத்தவர் வீபே. கிடங்கின் உரிமத்தில் பொறுப்பாளர் என்று இருப்பது அவர் பெயர். அந்தப் பெயர் இன்று தங்குமா என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை மத்தியானம் கூரை ஒழுகியது. மூன்று முறை சொல்லியும் யோரிட் ஆள் அனுப்பாத கூரை. தண்ணீர் நேராகப் பூண்டின் மேல் இறங்கியது. கோட்டுக்குள் வேறு இடமில்லை. சுங்கத்தின் அவசர எண்ணில் மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. வீபே முதலாளிக்குப் போன் போட்டார். பிறகு மூட்டைகளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றினார். மாற்றியதோடு நிற்கவில்லை. நேரம், எண்ணிக்கை, இடம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எழுதாமல் இருக்க அவருக்கு வராது.

ஹெட்விக் மார்லூஸைக் கூட்டிக்கொண்டு மூட்டைகளை எண்ணப் போனாள். யோரிட் குரலைத் தாழ்த்தினான்.

"எழுதித் தொலைக்காம இருந்திருந்தா, ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம திருப்பி வெச்சிருக்கலாமே. உங்க கையே உங்களக் காட்டிக் குடுத்திருச்சு."

"நடந்ததத்தான் எழுதினேன்."

"பெரிய சாமியார்!"

ஹெட்விக் திரும்பி வந்தாள். "நாப்பதும் இருக்கு. உங்க கணக்குல தப்பு இல்ல, வீபே. செஞ்சதுதான் தப்பு. யாராவது சொல்லித்தான் மாத்தினீங்களா?"

"யோரிட் சொன்னாரு. நனையாத இடத்துக்கு இழுத்துப் போடுங்கன்னாரு."

"கோட்டுக்குள்ளன்னுதானே அர்த்தம்?" என்றான் யோரிட். "பத்தொன்பது வருஷம் இருக்கறவருக்கு நான் அதயும் சொல்லணுமா?"

"உள்ள இடமில்லன்னு சொன்னேனே."

"எனக்குக் கேக்கல. பிள்ளைங்களோட நீச்சல் குளத்துல இருந்தேன். ஒரே கூச்சல்."

இருவர் சொன்னதையும் ஹெட்விக் எழுதிக்கொண்டாள். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"யார் சொன்னாங்கறத வெச்சு எதுவும் மாறாது. வரிய நிறுவனம் கட்டணும். உரிமத்துக்கு ரெண்டு வழி இருக்கு. இவரே பொறுப்பாளரா இருந்தா, மூணு மாசம் நிறுத்தி வெச்சு விசாரிப்போம். தகுதியுள்ள வேற ஆளப் போட்டா, இன்னிக்கே தொடரலாம்."

யோரிட் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "மார்லூஸ் இருக்கா. போன வருஷமே சுங்கப் பரீட்சை பாஸ் பண்ணிட்டா."

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்லயே?" என்றாள் மார்லூஸ்.

"இப்பக் கேக்கறேன்."

அவள் வீபேயைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்விக் நீட்டிய படிவத்தில், பேனாவை வாங்கி அவள் கையெழுத்துப் போட்டாள். மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

"வேற வேலை ஏதாவது குடுப்பீங்களா?" என்று வீபே கேட்டார்.

"இப்போதைக்கு எதுவும் இல்ல. பாக்கலாம்," என்றான் யோரிட்.

"அப்ப அனுமதி இல்லாதவர் உள்ள இருக்கக் கூடாது," என்றாள் ஹெட்விக். வரியைப் பற்றிப் பேசிய அதே குரல்.

வீபே மேல்சட்டையை மாட்டிக்கொண்டார். மார்லூஸ் கதவு வரை கூட நடந்தாள். வெளியே மழை.

"மாட்டேன்னு சொல்லியிருக்கணும் நான்."

"சொல்லியிருந்தா இங்க வேலை செய்யற பதினோரு பேரும் மூணு மாசம் வீட்டுல உக்காந்திருக்கணும். உன்னையும் சேத்துத்தான்."

"கோவமா?"

"ஆமா. கோவந்தான்." அவர் படியில் இறங்கினார். "சாத்து. அந்தம்மா பாத்துட்டிருக்கா."

கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து பூட்டும் விழுந்தது.