பின்னறைச் சுவர்

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. நனைந்த சாக்கைக் கட்டிலுக்கடியில் போட்டு மறந்துவிட்டால் ஒரு நாற்றம் வருமே, அது. தையல்காரி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பேருந்தில் குலுங்கி வந்த அலுப்பு ஒரு பக்கம், இரண்டு பைகளின் கனம் ஒரு பக்கம், இப்போது இது வேறு. அவள் புருஷன் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

"பூட்டிக் கெடந்த வீடுன்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு ஜன்னலத் தொறந்தா சரியாப் போயிடும்."

அந்த வீட்டில் ஜன்னலைத் திறப்பது லேசுப்பட்ட காரியமா என்ன? மனிதர் ஓய்வு பெறும்வரை இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றப் பெட்டி கட்டும் கம்பெனியில் இருந்தவர். அங்கே அவருக்கு 'டேப்' என்றே பெயர். அவர் ஒட்டிய பெட்டி கடலில் விழுந்தாலும் உள்ளே ஒரு சொட்டுப் போகாது என்பார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் கிண்டலாகச் சொன்னது அவருக்கு உறைக்கவேயில்லை. வெயில் காலத்துக்கு மட்டும் வந்து தங்க ஏரிக்கரையில் இந்தச் சின்ன வீட்டை வாங்கிய நாளிலிருந்து, திரும்பிக் கிளம்பும்போதெல்லாம் வீட்டையும் அப்படியே பெட்டி கட்டிவிட்டுத்தான் வருவார். ஜன்னல் விளிம்பெல்லாம் டேப். சுவரில் காற்றுக்கென்று விட்ட ஓட்டைகளில் பழந்துணியை அடைத்து, அதன் மேலும் டேப். மெத்தைகளுக்குப் பிளாஸ்டிக் உறை. "ஒரு எறும்பு நுழையட்டும், பாத்துடுவோம்" என்று சவால் வேறு. எறும்பு நுழையவில்லைதான். உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை.

மற்ற வருஷமாக இருந்தால் இரண்டு நாள் தும்மிவிட்டு, மூன்றாம் நாள் பழகிக்கொண்டிருப்பாள். புருஷனோடு வாக்குவாதம் செய்வதைவிடத் தும்முவது சுலபம் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். இந்த முறை அப்படி விட முடியாது. நாளை மறுநாள் மகள் வருகிறாள், பிள்ளையோடு. பிள்ளைக்கு இளைப்பு. புகை, தூசி, ஈரம் எது பட்டாலும் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று இழுக்க ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மகள் இந்த வாசலை மிதித்துப் பல வருஷமாகிறது. பின்பக்கம் ஓர் அறை எடுக்க அவர் அஸ்திவாரம் தோண்டியபோது, "அந்தப் பக்கம் வெயிலே படாதுப்பா, மண்ணு எப்பவும் ஈரமாவே கெடக்கு, வேணாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதராயிற்றே, விடுவாரா? "என் வீட்டுல குத்தம் கண்டுபிடிக்கிறவ என் வீட்டுக்கு வர வேணாம்" என்று கத்திவிட்டார். அப்பனுக்குத் தப்பாத மகள், அவளும் வரவில்லை. உப்புப் பெறாத விஷயம், ஊறி ஊறிப் பெரிதாகிவிட்டது. "அப்பா நல்லாருக்காரா?" என்று அவள் அம்மாவிடம் கேட்பாள். "அவ நல்லாருக்காளாமா?" என்று இவர் மனைவியிடம் கேட்பார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சுமந்து சுமந்து தையல்காரிக்கு அலுத்துவிட்டது. இதில் கூத்து என்னவென்றால், அந்த அறையை அவர் கட்டியதே மகள் வந்தால் தங்குவதற்குத்தான். அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவேயில்லை.

கடைசியில் பிள்ளைதான் தாத்தா வீட்டு ஏரியைப் பார்க்க வேண்டும் என்று அழுது அடம்பிடித்து வழி பண்ணியது.

பின்னறையில் வாடை இன்னும் கனமாக இருந்தது. இருவருமாக அலமாரியைப் பிடித்து இழுத்தார்கள். அது நகர்ந்ததும் பின்னால் சுவர் தெரிந்தது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. கறுப்புக்கு மேலே பச்சை, பச்சைக்கு மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெல்லிய ரோமம். போன வருஷம் அங்கே ஒரு கறை தெரிந்தபோது அவர் அதன்மேல் வெள்ளையடித்திருந்தார். அந்த வெள்ளை இப்போது கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது.

"பிளீச்சிங் போட்டுத் தேச்சிட்டு நாளைக்கு ஒரு கோட்டிங் அடிச்சா பளிச்சுனு ஆயிடும்," என்றார்.

"போன வருஷமும் அதத்தான சொன்னீங்க?"

"போன வருஷம் ஒரு கோட்டிங்தான் அடிச்சேன். இந்த வாட்டி ரெண்டு."

வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இருவரும் தேய்த்தார்கள். தையல் மெஷின் முன்னால் குனிந்தே தேய்ந்துபோன முதுகு அவளுக்கு விண்விண்ணென்று தெறித்தது. தேய்க்கத் தேய்க்க மேல்பூச்சு ஈர மாவு போல உதிர்ந்து வந்தது. உள்ளே செங்கல்லும் கறுப்பு. அவர் ஒரு கட்டத்தில் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். இருமல் நிற்கவில்லை. சட்டைப்பையிலிருந்து வாசனை ஸ்பிரே ஒன்றை எடுத்து, சுற்றிலும் புஸ்ஸென்று அடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. பரிதாபமாகத்தான் இருந்தது.

"அவகிட்ட சொல்லிடலாங்க. இந்த வாட்டி வர வேணாம்னு."

"சொல்லாத." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "'நான் அப்பவே சொன்னேன்ல'ம்பா அவ."

"சொல்லிட்டுப் போகட்டுமே. சொன்னா என்ன கொறஞ்சிடும்?"

"இப்ப வேணாம்னா அப்புறம் எப்ப வருவா? நீயே சொல்லு."

அவளுக்கும் அந்தப் பயம்தான். பிள்ளை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுவதை நினைத்துப் பார்த்தாள். பெரியவர்கள் ரோஷத்துக்கு அந்தச் சின்ன நெஞ்சா கிடைத்தது? எழுந்து வெளியே போய், சிக்னல் கிடைக்கும் வேலியோரமாக நின்று மகளுக்குப் போன் அடித்தாள்.

"வர வேணாம்டி. வீடு சரியில்ல."

மகளின் குரல் தட்டையாக வந்தது. "அப்பா வேணாம்னுட்டாரா?"

"ஐயோ, அவரு ஒண்ணும் சொல்லலடி."

"பரவால்லம்மா. நீ மறைக்க வேணாம். நான் பிள்ளைகிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன்."

தையல்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. போதும், இனி ஒரு வார்த்தைகூட நான் சுமக்க மாட்டேன் என்று விறுவிறுவென்று உள்ளே போய், வாளிமேல் உட்கார்ந்திருந்தவர் கையில் போனைத் திணித்தாள். "சிக்னல் கட்டாகறதுக்குள்ள நீங்களே பேசுங்க."

அவர் போனைக் காதில் வைத்தார். சுவரையே பார்த்தார்.

"செவுரு கறுத்துப் போச்சும்மா," என்றார் கடைசியில். "கீழருந்து இடுப்பு வரைக்கும். பச்சையா வேற இருக்கு. செங்கல்லு வரைக்கும் எறங்கிடுச்சு. பெயிண்ட் அடிச்சா நிக்காது. பிள்ளைக்கு ஆகாது." மூச்சு வாங்கியது. "ஈரம். நீ சொன்ன அதே பக்கந்தான்..." அதற்குமேல் இருமல் விடவில்லை. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

போனில் மகள் கத்துவது கதவருகே நின்றவளுக்கே கேட்டது.

"அந்த ரூம்லயா இருக்கீங்க? அப்பா! மொதல்ல வெளிய வாங்க! எழுந்து வெளிய வாங்கப்பா!"

யார் சொல்லியும் எதையும் கேட்காத மனிதர், சொன்னதும் எழுந்துவிட்டார். செருப்பைக்கூடத் தேடவில்லை. மனைவியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி வெறுங்காலோடு வெளியே போய், வேலியோரம் ஈரப் புல்லில் நின்றார். "வந்துட்டேன்," என்றார் போனில். "வெளியதான் நிக்கிறேன்."

மகள் இன்னும் ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, ம், ம் என்று தலையாட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.