சனிக்கிழமை மீன்கள்

லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் சண்டை போட்டுப் பிரியவில்லை. பேச்சு குறைந்து குறைந்து ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் போல ஆனது. பிறகு வீடும் இரண்டானது. மகள் அம்மாவோடு. சனிக்கிழமை மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்பாவோடு. வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். நான்காம் வகுப்புக்குப் போன பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

அவன் வாடகைக்குப் பிடித்திருந்தது மாடியில் ஓர் அறை, அதோடு ஒட்டிக்கொண்ட ஒரு சமையல் மேடை. முதல் சனிக்கிழமை பொடிசு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"ஸ்கூல் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுது."

அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தெரியவில்லை. வேலையிலும் அப்படித்தான். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஆட்கள் கதவைத் தட்டும்போதுகூட, "இருங்க, வந்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். இப்போது உள்ளே மாட்டிக்கொண்டவன் அவன்தான். மகள் மெத்தை உறையில் நூல் பிரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் இரண்டு பேரும் மாறி மாறிக் கொட்டாவி விட்டார்கள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கையில், தெருமுனை வண்ணமீன் கடை வாசலில் பொடிசு நின்றுவிட்டாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அப்பா, இதுக்கு மீசை இருக்கு" என்றாள். அன்று முழுக்க அவள் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

அவன் அங்கேயே ஒரு தொட்டி வாங்கிவிட்டான். அறையில் பெரியது வைக்க இடமில்லை. ஒரு தலையணையைவிடச் சின்னதாக ஒன்று, அடியில் போடக் கூழாங்கல், ஒரு குட்டி ஃபில்டர், விசிறி வாலுள்ள கொஞ்சம் கப்பி மீன்கள். கடைக்காரம்மா பையில் காற்றடைத்து முடிச்சுப் போட்டபடியே சொன்னாள்.

"இந்தத் தொட்டிக்கு இதுவே போதும்பா. கண்ணாடியில பார்த்தா இடம் நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும். ஏமாந்துடாதீங்க."

அவன் தலையாட்டினான். வீட்டுக்கு வரும் வழியில் மறந்தும் போனான்.

அடுத்த வாரம் பொடிசு படியேறி வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே தொட்டிக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கப்பிக்கும் பெயர் வைத்தாள், வாலை வைத்து அடையாளம் சொன்னாள், வாயைத் திறந்து மூடி அது மாதிரியே செய்து காட்டினாள். அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் மதியத்துக்கு மேல் பேச்சு மறுபடியும் வற்றியது. அந்த அமைதி அவனைப் பயமுறுத்தியது.

"வா, இன்னொரு மீன் பார்த்துட்டு வரலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தெருமுனைக் கடைக்காரம்மா, "வேணாம், தாங்காது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு கடையில் அந்தக் கேள்வியெல்லாம் இல்லை. கைகாட்டியதைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை நீலக்கோடு போட்ட நியான் மீன்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை முக்கோணத் துடுப்போடு ஓர் ஏஞ்சல். அது மெதுவாகத் திரும்பும் அழகைப் பார்த்து அதற்குக் 'கல்யாணப் பொண்ணு' என்று பெயர். அப்புறம் தொப்பையோடு ஒரு தங்கமீன். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனதால் அதற்கு 'மேனேஜர்'. கடைசியாகச் சிவப்பு நிறத்தில் ஒரு ஃபைட்டர். அதற்குப் பெயர் வைக்கப் பொடிசு யோசித்துக்கொண்டே இருந்தாள்.

ஃபைட்டர் வந்த பிறகு கப்பிகளின் வால்கள் கந்தலாயின. நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வளர்ந்துவிட்ட கல்யாணப் பொண்ணின் வயிறு மட்டும் புடைத்திருந்தது. மேனேஜர் தின்பதும் கழிப்பதுமாகத் தண்ணீரைக் கஞ்சி மாதிரி ஆக்கியது. வேலை முடிந்து வந்தால் அவன் சட்டையை மாற்றும் முன் தொட்டியைத்தான் பார்ப்பான். ஒரு நாள் மேனேஜர் செத்து மிதந்தது. அவன் அரை நாள் விடுப்பெடுத்து, கடை கடையாக ஏறி இறங்கி, அதே தொப்பையும் அதே நிறமும் உள்ள இன்னொன்றைத் தேடிப் பிடித்துத் தொட்டியில் விட்டான். நியான்களையும் வாங்கி வாங்கி நிரப்பினான். சனிக்கிழமை பொடிசு வரும்போது எல்லாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை அவன் கண் விழித்தபோது, மீன்களெல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. புது மேனேஜர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. என்ன செய்வதென்று புரியாமல் நிற்கையில் கதவு தட்டப்பட்டது. பொடிசின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சீக்கிரமே டியூட்டி. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு அவசரமாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பொடிசு தொட்டியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ஒண்ணும் இல்லடா," என்றான் அவன் அவசரமாக. "மேனேஜருக்கு உடம்பு சரியில்ல. அப்பா போய் வேற ஒண்ணு..."

"அப்பா, இது மேனேஜர் இல்ல."

அவள் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினாள்.

"மேனேஜருக்குத் தாடைக்குக் கீழ ஒரு கறுப்புப் புள்ளி இருந்துச்சு. இதுக்கு இல்ல. நியானும் அதே நியான் இல்ல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"நீங்க கஷ்டப்பட்டுத் தேடி வாங்கியிருக்கீங்க. சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். காது மடல் சுட்டது. ஒரு பிள்ளை அப்பாவின் மனம் நோகக் கூடாதென்று வாரக்கணக்கில் நடித்திருக்கிறது.

"உனக்கு மீன் பிடிக்குமேன்னுதான் வாங்கினேன்."

"முதல்ல வாங்கினதே எனக்குப் போதும்ப்பா," என்றாள். அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னாள். "உங்களுக்குத்தான் ஆசைன்னு நினைச்சேன். மீன் கடைக்குப் போகும்போதுதான் நீங்க பேசுறீங்க."

அவன் அவளைத் தன் பக்கம் இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"செத்துடுமாப்பா?"

"தெரியலம்மா. தெரிஞ்சவங்கள கேட்போம்."

தண்ணீர் மாற்றுவதற்காக நேற்றே பிடித்துவைத்த ஒரு வாளி மூலையில் இருந்தது. தொட்டித் தண்ணீரையும் கொஞ்சம் அதில் கலந்து, எல்லா மீன்களையும் அதற்குள் விட்டார்கள். வாளியின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார்கள். தளும்பாமல் இருக்க இரண்டு பேரும் ஒரே அளவாக அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

கடைக்காரம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் முதலில் ஒரு காற்றுக் குழாயை எடுத்து வாளிக்குள் போட்டாள். குமிழ்கள் கிளம்பின.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"உள்ள எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருக்கும்ல. அதுக்கு மேல ஆளுங்க ஏறினா?"

"மணி அடிக்கும். நகராது."

"மீன் தொட்டியில மணி இல்லையே," என்றாள் பொடிசு.

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். "அதான் கண்ணு கஷ்டம். அதுங்க கத்தாது. மேல வந்து வாயத் திறக்கும், அவ்வளவுதான்."

பிறகு வலையால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். தங்கமீன் கையகலம் வளரும். அதற்குக் குளிர்ந்த தண்ணீரும் பெரிய இடமும் வேண்டும். ஏஞ்சல் கெட்டது இல்லை. ஆனால் வாய்க்குள் போகிற எதையும் விடாது. நியான் கூட்டமாக இருந்தால்தான் பயமில்லாமல் திரியும். இரண்டு மூன்றாக விட்டால் மூலையில் ஒடுங்கிவிடும். விசிறி வாலைக் கண்டால் ஃபைட்டருக்கு எதிரியைக் கண்ட மாதிரி. "ஒவ்வொண்ணும் நல்ல மீன்தான். ஒண்ணா வச்சதுதான் தப்பு."

"இப்ப எதை வச்சுக்கலாம்?" என்று அவன் கேட்டான்.

"உங்க தொட்டிக்கு ரெண்டே வழி. ஃபைட்டர் ஒண்ணு மட்டும் தனியா. இல்லேன்னா கப்பி, அதுவும் ஆண் மட்டும். ஜோடி சேர்ந்துச்சுன்னா அடுத்த மாசமே பேரன் பேத்தி எடுத்துடும். மத்ததெல்லாம் இங்க விட்டுட்டுப் போங்க, பெரிய தொட்டியில போட்டுக்கிறேன்."

"ஃபைட்டரே இருக்கட்டும்," என்றான் அவன். ஒற்றை மீன் என்றால் வேலை குறைவு.

பொடிசு கடைக்காரம்மாவைப் பார்த்தாள். "தனியா இருந்தா அதுக்குக் கவலையா இருக்காதா?"

"அதுக்கு இருக்காது. அதோட குணம் அப்படி."

பொடிசு கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "கப்பியே இருக்கட்டும்ப்பா," என்றாள்.

அவன் காரணம் கேட்கவில்லை. சரி என்றான்.

தங்கமீன் குமிழ்களுக்கு நடுவில் மெல்ல நிமிர்ந்தது. பிழைத்துக்கொள்ளும் என்று கடைக்காரம்மா சொன்னாள். கல்யாணப் பொண்ணைப் பெரிய தொட்டியில் விட்டபோது பொடிசு கையசைத்தாள். ஃபைட்டருக்குக் கடைசி வரை பெயர் வைக்கவே இல்லை. திரும்பி வருகையில் வாளி லேசாக இருந்தது. கந்தல் வாலோடு நாலைந்து கப்பிகள் மட்டும் அதில் சுற்றிக்கொண்டிருந்தன. வால் மறுபடி வளரும், அவசரப்படாதீர்கள் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று அவன் வாரம் முழுக்க யோசித்தான். வாங்க எதுவும் இல்லை. போக எங்கேயும் இல்லை. பொடிசு வந்தாள், செருப்பைக் கழற்றினாள், மீன்களைப் பார்த்தாள். ஒன்றின் வாலோரத்தில் புதிதாகக் கண்ணாடி போல ஒரு விளிம்பு முளைத்திருந்ததைக் காட்டினாள். அதோடு அது முடிந்தது. மதியமாயிற்று. அமைதி வந்தது.

அவன் எழுந்து ஓடவில்லை. தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பாசியைத் துடைக்கலாம் என்று முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பொடிசும் ஒரு பஞ்சை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். நடுவில் கப்பிகள் போய் வந்தன. கொஞ்ச நேரம் பஞ்சு தேய்க்கும் சத்தம் மட்டும்தான்.

"அப்பா," என்றாள் பிறகு, நிமிராமலே. "என் ஃபிரண்டு இப்பல்லாம் என்கூட உட்கார மாட்டேங்கிறா."

அவனுக்கு அறிவுரை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதை அப்படியே நிறுத்தினான்.

"ஏனாம்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பென்சில் டப்பாவில் தொடங்கி, வேறொருத்தியின் பிறந்தநாளுக்குப் போய், விளையாட்டு மைதானத்தில் நடந்த ஏதோ ஒன்றில் சுற்றி, அம்மாவிடம்கூடச் சொல்லாத ஓர் அழுகைக்கு வந்தது கதை. பாதி அவனுக்குப் புரியவில்லை. யார் யாரோடு டூ, யார் யாரோடு பழம் என்பதே குழம்பியது. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, விரலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுவதைக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது,

"அப்புறம்?" என்றான்.