தலைவர் நாற்காலிக்குச் சாயம் பூசிய கதை

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: டல்லாரா பவுல்ஸ் கிளப்பின் தலைவர் நாற்காலி புதுப்பிக்கப்படவிருக்கிறது. அந்தப் புனிதப் பணி முடியும்வரை பொதுமக்கள் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

எங்கள் தலைவர் லேலண்ட் பாஸ்கம்ப் இதைத் தம் கைப்பட எழுதி, பார் கதவில் ஒட்டினார். பொதுமக்கள் என்பது அப்போது பாரில் பீர் குடித்துக்கொண்டிருந்த ஐந்து பேர். அவர்கள் ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தார்கள்.

லேலண்ட் வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களை நிற்கவைத்தே பேசிப் பழகியதாலோ என்னவோ, உட்காருவது என்றால் அவருக்கு அது ஓர் உயர்நிலை. பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் "எல்லாப் பதவிகளும் காலி" என்று அறிவித்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து ஓரமாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புதிய பெயர்களை முன்மொழியலாம். அவர் எழும்வரை யாரும் வாய் திறக்க முடியாது.

"நம்ம சமையலறை நோரீனுக்கு என் நாற்காலி மேல கண்ணு, டெஸ்" என்றார் என்னிடம். நான் செயலாளர்; கேட்டுத்தான் ஆக வேண்டும். "போன சனிக்கிழமை பார்பெக்யூ அடுப்புப் பக்கத்துல நின்னு எல்லார்கிட்டயும் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டா."

"அதுக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் தலைவரே?"

"பளபளன்னு இருக்கிற நாற்காலியில பளபளன்னு ஒருத்தன் உட்கார்ந்திருந்தா, அவனை எழுப்ப யாருக்குப்பா மனசு வரும்?"

புல்வெட்டி நிற்கும் தகரக் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. நாற்காலி சில்க்கி ஓக் மரத்தில் செய்தது. தேய்க்கத் தேய்க்க உள்ளே பட்டுப்போல அழகான ரேகை தெரியும். லேலண்ட் உப்புத்தாளை எடுத்து அந்த ரேகைக்குக் குறுக்கே, கடனை வசூலிக்கிற வேகத்தில் தேய்த்தார்; மரமெங்கும் கீறல் விழுந்தது.

சமையலறைப் பொறுப்பாளர் நோரீன் டக்வெல் டீ கொண்டுவந்தார். நாற்காலியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"என்ன தலைவரே, ராத்திரி பூனை எதுவும் உள்ள புகுந்துடுச்சா?"

"இது ஒரு தொழில்முறை, நோரீன். உங்களுக்குப் புரியாது."

"பூனைக்குப் புரிஞ்சிருக்கே."

அந்தக் கீறல்களை மறைக்கத்தான் சாயம் கருஞ்சிவப்பாக வேண்டியிருந்தது. அதிகாரத்தின் நிறம் என்று அவர் அதற்கு விளக்கம் சொன்னார். டப்பாவில் போட்டிருந்ததை நான் படித்துக் காட்டினேன்: பூசி, சற்றுப் பொறுத்து, மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுக்கவும்.

"துடைக்கிறதா? துடைச்சா நிறம் போயிடும்ல! டப்பாவுல எழுதறதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு, டெஸ்."

துடைக்காமல் விட்டார். அதன்மேல் இன்னொரு பூச்சும் பூசினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிப்ரவரி மழைக்காலத்து வடக்கு குயின்ஸ்லாந்தில் துவைத்த காலுறையே காயாது. சாயம் எங்கே காயும்? அவரோ அதற்கும் மேலே வார்னிஷைப் பூசி மூடிவிட்டார். கூட்டத்தன்று காலை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. மேலே ஆடை கட்டிய பாயசம் மாதிரி இருந்தது என்பதை விரல் சொல்லவில்லை.

பவுல்ஸ் ஆடுகிறவர்கள் வெள்ளை உடுத்த வேண்டும் என்பது விதி. லேலண்டின் கால்சட்டை பாலைவிட வெண்மை. நாற்காலியில் அமர்ந்தார். அறை முழுக்க ஒரு "ஓ!" எழுந்தது. அவருடைய முகத்திலும் வார்னிஷ் ஏறியது.

உடம்புச் சூட்டுக்கும் பாரத்துக்கும் அடியிலிருந்த சாயம் மெல்ல இளகத் தொடங்கியது. ஆண்டறிக்கை முடிந்தது. எழவேண்டிய நேரம். லேலண்ட் எழப்பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்ததாக, நமது புல்வெட்டிக்கு நன்றி" என்றார்.

கைதட்டினோம். அப்புறம் கிணற்று மோட்டாருக்கு நன்றி. அப்புறம் மறைந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி. உயிரோடிருந்த ஒருவர் பெயரும் அதில் சேர்ந்துவிட்டது. அவரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்.

லேலண்ட் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"டெஸ், ஒட்டிக்கிச்சு."

"எது?"

"நான்."

"அப்ப மெதுவா உரிச்சுக்கிட்டு எழுந்திருங்க."

"இத்தனை பேர் முன்னாடி சிவப்புப் பின்பக்கத்தோட நின்னா எவன்டா எனக்கு ஓட்டுப் போடுவான்? அவ ஜெயிச்சுடுவா!"

பின்வரிசையிலிருந்து நோரீன் குரல் கொடுத்தார். "தலைவரே, எழுந்திரிச்சீங்கன்னா தேர்தலை முடிச்சுட்டுச் சாப்பிடலாம். சாசேஜ் ரோல் ஆறிப்போகுது."

"எழுந்திருக்கிறதுக்கும் ஒரு நேரம் இருக்கு, நோரீன்."

நோரீன் நாற்காலி அருகே வந்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். ஈரச் சாயத்தின் வாடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சமையலறைக்குப் போய், முட்டை திருப்பும் தட்டைக் கரண்டியும் ஓர் ஏப்ரனுமாகத் திரும்பினார்.

"அசையாதீங்க. அப்பமே வாணலியை விட்டு வருது, நீங்க வரமாட்டீங்களா?"

கரண்டி உள்ளே போனது. அப்போது கேட்ட கிழிசல் சத்தம், சபைக்குறிப்பில் இடம்பெறவில்லை. எழுதவேண்டிய நான் மேஜைக்கடியில் சிரித்துக்கொண்டிருந்தேன். லேலண்ட் எழுந்துவிட்டார். கால்சட்டையின் ஒரு பகுதி மட்டும் தலைமைப் பொறுப்பில் நீடித்தது. நோரீன் ஏப்ரனைப் பின்புறமாகக் கட்டிவிட்டார்.

"எல்லாப் பதவிகளும் காலி" என்றார் லேலண்ட், தூக்குமேடையில் பேசுகிறவரைப்போல.

நான் மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தேன். "தலைவர் பதவிக்கு யார் பெயரையாவது முன்மொழியலாம்."

எல்லோரும் சாசேஜ் ரோல் பக்கமே பார்த்தார்கள்.

"வெக்கப்படாதீங்க, நோரீன்" என்றார் லேலண்ட். "உங்க பேரைச் சொல்லுங்க. எனக்குத் தெரியும்."

"என் பேரா? எதுக்கு?"

"அன்னைக்கு பார்பெக்யூகிட்ட எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டிருந்தீங்களே!"

"அதுவா? நீங்க ராஃபிள் குலுக்கல்ல பரிசாக் குடுத்த கோழி நாறிப்போச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். உங்க மனசு நோகுமேன்னு நிறுத்தினேன்."

பன்னிரண்டாவது முறையும் லேலண்ட் பாஸ்கம்பே தலைவரானார். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டியிருக்கவில்லை.