தொண்ணூற்றொரு மார்க்

பூட்டுக்காரர் திருடுவார் என்று போலீசின் கம்ப்யூட்டர் ஒன்று முடிவு கட்டியிருந்தது. திருடினார் என்று சொல்லவில்லை, இனிமேல் திருடுவார் என்றது. அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொரு மார்க்கும் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பதைத் தாண்டாத மனிதருக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய மார்க் அதுதான்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆறு மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை காவலர்கள் கடை வாசலில் வந்து நின்று, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றால் அவருக்கு எப்படிச் சிரிப்பு வரும்? வாடிக்கைக்காரர்கள் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது கடை உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று நோட்டீசும் வந்துவிட்டது. உரிமம் இல்லாதவர் அடுத்தவர் பூட்டைத் தொட்டாலே குற்றம். முப்பது வருஷத் தொழில் அதோடு சரி.

கடைசியாக ஸ்டேஷனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மனைவியும் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கிற ரகமில்லை.

அறையில் ஓர் அதிகாரியும் எழுத்தர் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். ஊர் வரைபடத்தில் இருபத்திமூன்று சிவப்புப் புள்ளிகள்.

"இந்த இருபத்திமூணு வீட்லயும் திருடு போயிருக்கு. எல்லாத்துலயும் திருட்டுக்கு முன்னாடியே உங்க போன் அங்க இருந்திருக்கு. தற்செயல்னு மட்டும் சொல்லாதீங்க."

"உடைஞ்ச பூட்டை மாத்தத்தான் சார் போனேன்."

"அப்படின்னா திருட்டுக்கு அப்புறம்தானே போயிருக்கணும்?"

ஆறு மாதமாக இதே கேள்வி, இதே முட்டுச்சந்து. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தூக்கத்தில் எழுந்து போய்த் திருடுகிறோமோ என்று அவருக்கே சில நாள் சந்தேகம் வந்ததுண்டு. தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி தொண்டையைச் செருமினாள். "சார், உங்க வீட்டுக் கதவை எவனோ உடைச்சுட்டுப் போயிட்டான்னு வைங்க. மொதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?"

"போலீசை."

"நீங்களே போலீசு, கூப்பிடுவீங்க. மத்தவங்க?"

எழுத்தர்தான் நிமிர்ந்தாள்.

"எங்க வீட்ல உடைச்சப்ப நான் பூட்டுக்காரரைத்தான் சார் கூப்பிட்டேன். கதவைத் தொறந்து போட்டுட்டு ஸ்டேஷனுக்கு எப்படி வர்றது? புகார் மறுநாள்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே அலமாரியிலிருந்து புகார்க் கட்டை எடுத்து வந்து வாசித்தாள். 'நேற்று வீடு திரும்பியபோது பூட்டு உடைந்திருந்தது. புதுப் பூட்டு போட்டுவிட்டு இன்று வந்து எழுதிக் கொடுக்கிறேன்.' அடுத்ததும் கிட்டத்தட்ட அதேதான். ஏழாவது புகாரோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"திருடு போன நேரம் யாருக்கும் தெரியலை சார். அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அதனால புகார் எழுதின நேரத்தையே போட்டுட்டு வந்திருக்கோம். இதெல்லாம் நான் போட்டதுதான்."

அதிகாரி கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். இருபத்திமூன்றும் புரட்டி முடிய அரைமணி நேரம் ஆனது. பிறகு விசைப்பலகையை இழுத்து எதையோ தட்டினார்.

"பட்டியல்லேருந்து உங்க பேரை எடுத்தாச்சு. உரிமமும் வந்துரும்."

"வாயால சொன்னாப் போதாது சார், எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி. எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள்.

பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைத் தாண்டியதும் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இன்றைக்கே கடையைத் திறக்கலாம். யார் கூப்பிட்டாலும் தைரியமாகப் போகலாம். மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், கல்யாணமான புதிதில்கூட வெளியில் அப்படிப் பிடித்ததில்லை.

நடைகூடத்து பெஞ்சில், உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டும் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் அதே நோட்டீஸ்.

"உங்களுக்கு எத்தனை வீடு?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"பதினேழு. திருட்டுக்கு முன்னாடியே நான் போயிருக்கேனாம்."

பூட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள போனதும் புகாரை வாசிக்கச் சொல்லுங்கண்ணே," என்றாள். "நாங்களும் கூட வர்றோம்."