வண்டி மாற்றும் இடம்

இப்போதெல்லாம் ஓட்டுநர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது, “சுகப்பிரியா இருக்குதா?” என்றுதான். அமலா எடுத்தால், “சொல்லுங்க மேடம்” என்று விறைப்பாகிவிடுவார்கள்.

ஒரகடத்தில் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் அவசர உதவி அறை அது. ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மேஜையில் அமலா தொடக்கம் முதல் இருப்பவள். சுகப்பிரியா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இன்னும் ஒரு பொங்கலைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் எல்லாரையும் “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று கூப்பிட்டே வளைத்துப் போட்டுவிட்டாள் என்பது அமலாவின் எண்ணம்.

வாலாஜாபாத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால், பக்கத்தில் நிற்கும் சின்ன வண்டிதான் முதலில் போகும். அதில் ஆக்சிஜன் மட்டும் உண்டு. டாக்டரும் கருவிகளும் உள்ள பெரிய வண்டி படப்பையில் நிற்கும். ஆகவே இரண்டும் எதிரெதிராகக் கிளம்பி, வழியில் ஓரிடத்தில் நோயாளியை மாற்றிக்கொள்ளும். அந்த இடத்தைச் சொல்வதுதான் மேஜையில் இருப்பவரின் திறமை. ஸ்ட்ரெச்சரை இறக்க வசதி வேண்டும், பெரிய வண்டி திரும்ப வேண்டும், பின்னால் லாரி வந்து முட்டக் கூடாது. எடைமேடைக்குப் பக்கத்து மைதானத்தைக் கண்டுபிடித்தவள் அமலா. இன்று எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள். யார் கண்டுபிடித்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

அன்று மத்தியானம், அமலா டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. சுகப்பிரியா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பேசியது மஞ்சுளா என்ற பெண். அவளுடைய அப்பா நடேசன் வயலிலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிட்டாராம்.

“நெஞ்ச அடைக்குதுன்றாரு. வேர்த்து ஊத்துது. இன்னா பண்றதுனே தெரியல.”

“மஞ்சுளாக்கா, நான் சொல்லுததை மட்டும் செய்யுங்க. அப்பாவை நடக்க விடாதீங்க. சாய்ச்சு உக்கார வைங்க. வண்டி கெளம்பிட்டு.”

அந்தக் குரலில் வேகம் இருந்தது, பதற்றம் இல்லை. அதுதான் அமலாவுக்குப் பொறுக்கவில்லை.

சின்ன வண்டியின் சிவசங்கருக்கும் பெரிய வண்டியின் மோகனுக்கும் சுகப்பிரியா ஒரே மூச்சில் சொன்னாள்: “எடைமேடை மைதானம், அண்ணாச்சி.”

அமலாவின் கையிலிருந்த சோற்று உருண்டை பாதியில் நின்றது. காலையில் ஷேர் ஆட்டோவில் வரும்போதே அவள் பார்த்திருந்தாள். கார் ஏற்றும் டிரெய்லர்கள் அந்த மைதானத்தை ஒட்டுமொத்தமாக அடைத்துக்கொண்டு நின்றன. சுகப்பிரியாவின் ஹாஸ்டல் வேறு பக்கம். அவளுக்குத் தெரிய வழியில்லை.

சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் சிவசங்கர், “நீ சொன்னா கரெக்டா இருக்கும் கண்ணு. நீ இருக்கசொல்ல எனக்கு இன்னா கவலை” என்றார்.

அமலா உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். கேட்டால் சொல்லலாம். கேட்கட்டுமே.

சுகப்பிரியா கேட்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். முன்பொரு தடவை கேட்டபோது, “கண்ணு இருக்குதில்ல, ரெஜிஸ்டர்ல பாரு” என்று வெட்டிவிட்டவள் அமலாதான்.

அவள் மனத்தில் ஒரு காட்சி ஓடியது. இந்தப் பெண் கையைப் பிசைகிறாள். ஓட்டுநர்கள், “மேடத்தக் கூப்புடு” என்கிறார்கள். பார்க்கப் பார்க்க இனித்தது. அந்தக் காட்சியில் நடேசன் இல்லை.

ஸ்பீக்கரில் மஞ்சுளாவின் குரல் மறுபடி வந்தது. இப்போது வண்டிக்குள்ளிருந்து. “யப்பா, கண்ணத் தொற. என்னப் பாரு. யப்பா.”

“ஆளு பேச்சு கொழறுது கண்ணு” என்றார் சிவசங்கர்.

அமலா எச்சில் கையோடு எழுந்தாள். “அங்க எடம் இல்ல. டிரெய்லரு நிக்குது. சிவசங்கர், கம்பெனி பஸ் யார்டுக்குள்ள வுடு.” இடது கையால் யார்டு மேற்பார்வையாளர் திருமலையைக் கூப்பிட்டாள். “அண்ணே, கேட்டத் தொறந்து வைங்க. பஸ் ஒண்ணும் வெளிய எடுக்காதீங்க. ரெண்டு ஆம்புலன்ஸ் வருது.”

“ஷிஃப்ட் வுடுற நேரம்மா. ஆளுங்க கத்துவானுங்க.”

“கத்தட்டும். அமலா சொல்லிச்சுன்னு சொல்லுங்க.”

ஆனால் மோகன் அதற்குள் எடைமேடைக்கே போய்விட்டார். முன்னால் டிரெய்லர், பின்னால் டிப்பர். “இன்னாமா இது, வெளிய வர வழியே இல்ல” என்று போனில் சீறினார். அவர் பின்வாங்கி வரும்வரை, யார்டில் நிறுத்திய சின்ன வண்டிக்குள் நடேசன் கிடந்தார். சுகப்பிரியா மஞ்சுளாவோடு பேச்சை விடவே இல்லை. அமலாவின் கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆளை மாற்றிப் பெரிய வண்டி தாம்பரம் பக்கம் பறந்த பிறகு, சுகப்பிரியா நாற்காலியைத் திருப்பினாள்.

“காலைல அந்த வழியாத்தான வந்தீய?”

“ஆமா.”

“பொறவு ஏன்க்கா சொல்லல?”

“நீ கேக்கல.”

“கேட்டிருந்தா சொல்லிருப்பீயளா?”

அமலா டிபன் பாக்ஸை மூடினாள். “தெரியல” என்றாள்.

சுகப்பிரியா சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் மஞ்சுளா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது அமலாதான் எடுத்தாள்.

“அடைப்ப எடுத்துட்டாங்களாம்மா. கண்ணத் தொறந்து தண்ணி கேட்டாரு. அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு இருக்குதா? அதுகிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு நெனச்சேன்.”

யார்டைத் திறக்க வைத்தது நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அமலா ரிசீவரை நீட்டினாள்.

“உனுக்குத்தான்.”

சுகப்பிரியா வாங்கினாள். “சொல்லுங்கக்கா. அப்பா எப்படி இருக்காவ? நீங்க ஒரு வாய் சாப்பிட்டீயளா?”

அதைக் கேட்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று அமலாவுக்கு வயிறு எரிந்தது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அங்கேயும் பேச்சு நன்றாகவே கேட்டது.