காற்றுத் துளையை மூடிய தகடு

1

இந்தக் கதை நான்கு வரிச் செய்தி ஒன்றிலிருந்து வந்தது. ஷெட்டில் நின்ற பேட்டரி கார் வெடித்தது, பெண்ணுக்குத் தீக்காயம், காரணம், ‘உரிமையாளரின் கவனக்குறைவு’. அந்தக் கடைசிச் சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதல் தொடக்கம்: “சிங்காநல்லூர் குளத்தின்மேல் பொழுது மெல்ல…”

வேண்டாம். இது அழகாக ஆரம்பிக்கிற கோபம் இல்லை.

2

வருடம் 1997. கோவையில் பேட்டரி கார் செய்யும் கம்பெனி (நான் கற்பனை செய்தது, தேடாதீர்கள்). சோதனைப் பிரிவில் புவனா. பி.எஸ்ஸி. வேதியியல். அதிகம் பேசமாட்டாள். (துணிச்சல்காரியாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். ஒரு பொறி போதும், வெடிக்கும். அது வெளியேறக் காரின் பின்பக்கம் துளைகள் உண்டு. முதலாளி செங்கோட்டையன், டெலிவரிக்கு முன் அதே இடத்தில் ‘அம்மன் துணை’ என்ற பித்தளைத் தகட்டைத் திருகச் சொல்வார். துளைகள் மூடிக்கொள்ளும். விற்ற கார்களெல்லாம் அப்படித்தான் போயின.*

* தகடு நேராக இருக்க நூல் பிடித்துப் பார்த்தார்கள். வாயு போக வழி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

3

“ஏனுங்க சார், வித்த காரையெல்லாம் திருப்பிக் கூப்பிடோணுங்க.”

“பூசை போட்டு அனுப்புன வண்டியவா? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க, அம்மணி?”

“தகட்டக் கழட்டுனாப் போதுங்க.”

“அம்மன் பேரையா கழட்டறது?”

மேனேஜர் கோவிந்தராஜுலு சிரித்தார். “கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளைக்கு அம்மனும் ஆசிட்டாத் தெரியுதுங்க.”

“வெடிச்சுதுன்னா?” என்றாள் புவனா.

“இதுவரைக்கும் ஒண்ணாச்சும் வெடிச்சுதா கண்ணு?” என்றார் முதலாளி. “வெடிக்கட்டும், பாத்துக்கலாம். நீ வெளிய வாயத் தொறந்தீன்னா வேலைக்கு வரவேண்டாம்.”

[இங்கே புவனா மேசையில் ஓங்கி அடித்து… இல்லை. ‘சரிங்க’ என்றுதான் சொன்னாள்.]

4

காங்கேயத்தில் எண்ணெய் மில் நடத்தும் குழந்தையம்மாளிடம் அப்படியொரு கார் இருக்கிறது. திருட்டுப் பயத்தில் ஷெட்டைப் பூட்டிவைத்துத்தான் சார்ஜ் போடுவார். வெள்ளிக்கிழமை காலையில் ஷெட்டுக்குள்ளேயே காருக்குக் கற்பூரம் காட்டுவார். சர்வீசுக்கு வந்தபோது புவனாவிடம் அவரே பெருமையாகச் சொன்னார்.

நாளை வெள்ளிக்கிழமை.

5

முடிவு ஒன்று: கார் வெடிக்கிறது. பிறகு கம்பெனி எல்லாக் கார்களையும் திரும்ப அழைக்கிறது. இதைப் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “இதுதான் அழுத்தமான முடிவு” என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பெண் கருகினால்தான் முதலாளி தகட்டைக் கழற்றுவார். அவள் கருகினால்தான் வாசகருக்கும் கதை முடியுமா? தரமாட்டேன்.

முடிவு இரண்டு: செங்கோட்டையன் மனம் மாறி… (அடித்துவிட்டேன். எதற்காக மாறுவார்?)

புவனாவை உக்கடத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மறுமுனையில் குழந்தையம்மாள் எடுத்துவிட்டார்.

“ஆருங்க பேசறது?”

“நான்… கார் கம்பெனியிலிருந்து புவனாங்க.”

“சொல்லு கண்ணு! வண்டி ஜோரா ஓடுது. இப்பத்தான் சார்ஜ் போட்டுப்போட்டு வாரேன்.”

புவனா ரிசீவரை உங்களிடம் நீட்டுகிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும்.

பேசுங்கள்.